ரிட்டயர் ஆன பிறகு ஊசி எதற்கு என்கிறார் அப்பா

கேள்வி:

டாக்டர் ஐயா அவர்களுக்கு வணக்கம். என் அப்பாவுக்கு 61 வயது. திருச்சியில் ஒரு பெரிய தொழிற்சாலையில் 36 வருடம் வேலை பார்த்து, போன வருடம் மே மாதம் ஃபோர்மேனாக ரிட்டயர் ஆனார். பி.பி. இருக்கிறது, சுகர் பார்டரில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். வேலையில் இருந்தவரை வருடா வருடம் கம்பெனி ஆஸ்பத்திரியில் செக்கப், மழைக்காலத்துக்கு முன்னால் ஃப்ளூ ஊசி எல்லாம் தவறாமல் நடக்கும். 2021இல் கொரோனா ஊசிக்கு அவர் செக்‌ஷனில் முதல் ஆள் அவர்தான். நடிகர் விவேக் இறந்த வாரத்தில் ஆட்கள் பயந்து பின்வாங்கியபோது, பேசிச் சமாதானப்படுத்திக் கூட்டிக்கொண்டு போனவரும் அவரே.

இப்போது ஊசி என்றாலே எழுந்து போய்விடுகிறார். "வீட்ல சும்மா உக்காந்திருக்கறவனுக்கு என்ன காய்ச்சல் வரப்போவுது" என்கிறார். பி.பி. மாத்திரையும் நினைத்தால் போடுவது, இல்லாவிட்டால் இல்லை. "டென்ஷன் போச்சு, பி.பி.யும் போச்சு" என்பது அவர் கணக்கு. ஊசி போட்டால் ஹார்ட் அட்டாக் வரும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை எனக்கே அனுப்புகிறார். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் என் மூன்று வயது மகனை அப்பாவும் அம்மாவும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ஒழுங்காக இருந்தவர் ஏன் இப்படி ஆகிவிட்டார்? இந்த வயதில் அவருக்கு என்னென்ன ஊசி தேவை? எப்படிச் சம்மதிக்க வைப்பது?

வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பா மாறிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதையே திரும்பப் படித்துப் பார்த்தால், அவர் மாறியதாக எனக்குத் தெரியவில்லை. இந்த 36 வருடத்தில் அவர் ஒருமுறையாவது தானாக யோசித்து, ஃப்ளூ ஊசி எங்கே கிடைக்கும் என்று விசாரித்து, கைக்காசு கொடுத்துப் போட்டுக்கொண்டதுண்டா? இருக்காது. அந்தத் தேவையே அவருக்கு வந்ததில்லை.

நான் படிப்பு முடித்த புதிதில் ஒரு மில்லில் பகுதிநேர டாக்டராக இருந்தேன். ஊசி முகாம் என்றால் நான்கு நாளைக்கு முன்பே நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டிவிடுவார்கள். எந்தச் செக்‌ஷன் எந்த நாள், எந்த ஷிஃப்ட் என்று அதில் இருக்கும். அன்றைக்கு டைம் ஆபீஸ் கிளார்க் ஒரு நீளமான ரிஜிஸ்டரோடு கேன்டீன் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். பேரைக் கூப்பிட்டால் சட்டைக் கையை மடித்துக்கொண்டே உள்ளே வர வேண்டும். குத்தி முடித்ததும் பேருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு டிக். வெளியே டீயும் பன்னும். யாராவது வரவில்லை என்றால் அவர் செக்‌ஷனுக்கே ஆள் போகும். அங்கே யாரும் ஊசி போட்டுக்கொள்ளலாமா வேண்டாமா என்று முடிவெடுத்து நான் பார்த்ததில்லை. வேலையோடு வேலையாக அது நடந்தது, வேலைக்கான நேரத்தில் நடந்தது, காசில்லாமல் நடந்தது.

ரிட்டயர்மென்ட் அன்று மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, குரூப் போட்டோ எடுத்து, கம்பெனி வண்டியிலேயே வீடுவரை கொண்டுவந்து விட்டிருப்பார்கள். பி.எஃப்., கிராஜுவிட்டி, குவார்ட்டர்ஸ் காலி செய்த சான்று என்று ஒவ்வொன்றையும் கணக்குத் தீர்த்து ஃபைலில் போட்டுக் கையில் கொடுத்திருப்பார்கள். அந்த ஃபைலில் அவருடைய 36 வருட மெடிக்கல் ரிப்போர்ட் இருந்ததா? 'ஐயா, இனி வருடம் ஒருமுறை இந்தப் பரிசோதனையை நீங்களே செய்துகொள்ளுங்கள், ஃப்ளூ ஊசியைச் செப்டம்பரில் போட்டுக்கொள்ளுங்கள்' என்று ஒரு துண்டுத் தாளாவது இருந்ததா? என்னிடம் வரும் ஓய்வுபெற்றவர்களிடம் இதைக் கேட்பது வழக்கம். ஒருவர்கூட ஆமாம் என்று சொன்னதில்லை. பணத்தை ஒப்படைத்தார்கள், உடம்பை யாரும் ஒப்படைக்கவில்லை.

ரிட்டயர் ஆனவர்களுக்கும் கார்டு இருக்கிறதே, கம்பெனி ஆஸ்பத்திரிக்கே போகலாமே என்று நீங்கள் நினைக்கலாம். இருக்கலாம், விசாரித்துப் பாருங்கள். ஆனால் கார்டு வைத்திருப்பவர்களிலும் பலர் போவதில்லை. ஒரு பெரியவர் காரணத்தைச் சொன்னார். அவர் உள்ளே போகும்போது முப்பது வருடம் காவலாளிகள் அவருக்குச் சல்யூட் அடித்த கேட்டில், ஒரு புதுப் பையன் நிறுத்தி, யாரைப் பார்க்கணும் என்று கேட்டானாம். அவர் கோபப்படவில்லை. பையன் தன் வேலையைத்தான் செய்தான் என்றார். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் அவர் போகவே இல்லை. உங்கள் அப்பா ஊசிப் பேச்சை எடுத்தாலே எழுந்து போவதில், ஊசியைத் தவிர வேறு ஏதோ ஒன்றும் கலந்திருக்கக்கூடும். அதைக் கேட்டுப் பாருங்கள், திட்டாமல்.

பணமும் இதில் இருக்கிறது. வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. சம்பளம் வாங்குகிறவருக்கு 2,000 ரூபாய் செலவென்றால், அடுத்த மாதம் ஒன்றாம் தேதி அது திரும்பி வந்துவிடும். ஓய்வுபெற்றவருக்கு அதே 2,000 முதலைக் கரைக்கிற காசு. தொழிற்சாலையில் ரிட்டயர் ஆனவர்களுக்கு இ.பி.எஸ். என்ற, பி.எஃப். திட்டத்தோடு சேர்ந்த பென்ஷன் பெரும்பாலும் மாதம் சில ஆயிரம்தான், மற்றதெல்லாம் பி.எஃப். பணத்தை டெபாசிட் போட்டு வரும் வட்டி. நம் நாட்டின் இலவசத் தடுப்பூசித் திட்டம் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் மனதில் வைத்து உருவானது. பிரிட்டனில் 65 வயதானால் ஃப்ளூ ஊசி இலவசம். போட்டுக்கொள்ளச் சொல்லி அழைப்பும் வரும். இங்கே 61 வயதுக்காரர் தானே வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். மருத்துவக் காப்பீடுகளிலும் பெரும்பாலானவை ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும், படுக்காமல் இருக்கப் போடும் ஊசிக்குத் தராது. அறுபதாம் கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்து ஊரையே கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிறோம். அந்தச் செலவில் நூறில் ஒரு பங்கை அவர் கைக்கு ஊசியாகப் போட்டிருக்கலாம் என்று ஒவ்வொரு மணிவிழாப் பத்திரிகை வரும்போதும் எனக்குத் தோன்றும்.

மைக்கேல் கிராஸ்மன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1972இல் ஒரு கருத்தைச் சொன்னார். உடல்நலமும் ஒருவகை முதலீடுதான். அதைப் பராமரிக்க மனிதன் செலவழிப்பதற்கு ஒரு காரணம், உடம்பு நன்றாக இருந்தால்தான் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க முடியும் என்பது. அப்படியானால் சம்பாத்தியம் நின்றதும் அந்தக் காரணம் விழுந்துவிடுகிறது. இதைப் புத்தகத்தில் படித்தபோது ஏதோ கணக்குப் பாடம் என்றுதான் நினைத்தேன். பிறகு என் எதிரே உட்கார்ந்து, "இனிமே நான் நல்லா இருந்து யாருக்கு என்ன ஆவப்போவுது டாக்டர்" என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டாகிவிட்டது. உங்கள் அப்பாவின் "சும்மா உக்காந்திருக்கறவன்" என்ற சொல்லிலும் அதுதான் இருக்கிறது. அந்தச் சொல்லை லேசாக விட்டுவிடாதீர்கள். அதில் தூக்கக் குறைவு, சாப்பாட்டில் விருப்பமின்மை, யாரோடும் பேசாமல் இருப்பது என்று ஏதாவது சேர்ந்திருந்தால், ஊசிக்கு முன்னால் என்னைப் போன்ற ஒரு மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

இனி "டென்ஷன் போச்சு, பி.பி.யும் போச்சு" என்பதைப் பார்ப்போம். இதில் பாதி உண்மை. பிரான்சில் அரசு மின்சார, எரிவாயு நிறுவனத்தின் ஊழியர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். ஓய்வுக்கு முந்தைய வருடம், தன் உடல்நிலை அவ்வளவு சரியில்லை என்று சொன்னவர்கள் நூற்றுக்குச் சுமார் 19 பேர். ஓய்வுபெற்ற மறு வருடம் அது 14 ஆகக் குறைந்தது. 2009இல் வந்த ஆய்வு இது. அதே ஊழியர்களை வைத்து அடுத்த வருடம் இன்னொரு கட்டுரை வந்தது. அதில் களைப்பும் மனச்சோர்வும் ஓய்வுக்குப் பின் குறைந்திருந்தன. ஆனால் சர்க்கரை நோய், இதயநோய், பக்கவாதம், மூச்சு நோய் இவையெல்லாம் வயதோடு ஏறிக்கொண்டேதான் இருந்தன. ரிட்டயர்மென்ட் அந்த ஏற்றத்தை ஒரு படிகூட இறக்கவில்லை.

ஆக உங்கள் அப்பா பொய் சொல்லவில்லை. ஐந்தரை மணி பஸ்ஸுக்கு ஓட வேண்டியதில்லை, நைட் ஷிஃப்ட் இல்லை, டார்கெட் இல்லை. உடம்பு லேசாக இருப்பதாக அவருக்கு உண்மையிலேயே தோன்றுகிறது. பி.பி. எப்போதுமே தோன்றாத நோய். தோன்றுவதை வைத்து மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து. பின்லாந்தில் பொதுத்துறை ஊழியர்களிடம் பார்த்ததில், ஓய்வுக்குப் பிறகு பி.பி., சுகர் மாத்திரைகளை ஒழுங்காக வாங்காதவர்கள் அதிகமானார்கள். மருத்துவச் செலவில் பெரும்பகுதியை அரசே ஏற்கும் நாட்டிலேயே அப்படி. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. அப்பாவிடம் கேளுங்கள், வேலைக்குப் போன காலத்தில் மாத்திரையை எப்போது போடுவார் என்று. அநேகமாக, ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் குடிக்கும் டீயோடு என்பார். இப்போது அந்த டீ இல்லை, அதோடு மாத்திரையும் போயிற்று. ஆகவே மறதி என்று குற்றம் சொல்லாமல், மாத்திரைக்கு ஒரு புது இடம் பாருங்கள். காலையில் பேப்பர் படிப்பார் என்றால் கண்ணாடிக் கூட்டுக்குள் மாத்திரை அட்டை இருக்கட்டும். கண்ணாடி இல்லாமல் பேப்பர் இல்லை. அட்டையைப் பார்க்காமல் கண்ணாடி இல்லை.

வீட்டில் பி.பி. பார்க்கும் கருவி ஒன்று வாங்குங்கள், மேல்கையில் கட்டுகிற வகையாக. ஃபோர்மேனாக இருந்தவருக்கு ரீடிங் எடுத்து எழுதுவது கைவந்த வேலை. ஒரு வாரம் காலையும் மாலையும் அவரே நோட்டில் எழுதட்டும். பி.பி. போய்விட்டதா இல்லையா என்பதை நீங்களோ நானோ அவரோ சொல்ல வேண்டியதில்லை, அந்த நோட்டு சொல்லும். உண்மையிலேயே குறைந்திருந்தால் மாத்திரையைக் குறைப்பதைப் பற்றி டாக்டர் யோசிப்பார். அதை அவராக நிறுத்தக் கூடாது.

"வீட்ல இருக்கறவனுக்கு என்ன காய்ச்சல்" என்ற கேள்விக்கு உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. மூன்று வயதுப் பேரன். பிளே ஸ்கூலுக்கும் போகிறான் என்றால், இருபது குழந்தைகளின் சளியை ஒருசேரத் தாத்தாவின் மடிக்குக் கொண்டுவருவான். ஃப்ளூவையும் நிமோகாக்கஸ் என்ற நிமோனியாக் கிருமியையும் வீட்டுக்குள் கொண்டுவருவதில் சின்னக் குழந்தைகளுக்கு மிஞ்சியவர்கள் இல்லை. தொழிற்சாலையில் இருந்ததைவிட இப்போதுதான் அவர் கிருமிக்கு நெருக்கமாக இருக்கிறார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் அறுபதுக்குமேல் பழைய வேகத்தில் வேலை செய்யாது.

ஃப்ளூவைச் சாதாரண ஜலதோஷம் என்று நினைப்பதால்தான் இவ்வளவு அலட்சியம். கனடாவின் ஒன்டாரியோவில் செய்து 2018இல் வெளிவந்த ஆய்வில், ஃப்ளூ என்று பரிசோதனையில் உறுதியானவர்களுக்கு அடுத்த ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஆறு மடங்கு இருந்தது. ஊசியால் மாரடைப்பு வரும் என்று பயப்படுகிறவருக்கு நான் சொல்வது, மாரடைப்போடு அறிவியல் முடிச்சுப் போட்டிருப்பது அந்தக் காய்ச்சலைத்தான் என்பது.

வாட்ஸ்அப் பற்றி இரண்டு வார்த்தை. விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டுக்கொண்டார், மறுநாள் மாரடைப்பு, 17 அன்று இறந்தார். தமிழ்நாடு முழுக்க அந்த மூன்று நாட்கள் மனதில் பதிந்துவிட்டன; பயந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு பிறகு அதை விசாரித்து, அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று சொன்னது. கோவிஷீல்டு ஊசியால் மிக அபூர்வமாகச் சிலருக்கு ரத்தம் உறைந்தது உண்மை. அது ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வருவது, வருடங்கள் கழித்து வருவது அல்ல. திடீரென்று இறந்த 18 முதல் 45 வயதுக்காரர்களைப் பற்றிச் சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நாட்டின் 47 ஆஸ்பத்திரிகளில் ஆராய்ந்தது. கொரோனா ஊசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை என்பதுதான் முடிவு. குடும்பத்தில் அப்படித் திடீர் மரணம் இருந்தது, கொரோனாவில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தது, முந்தைய இரண்டு நாளில் அளவுக்கு மீறிக் குடித்தது, வழக்கமில்லாத கடும் உடற்பயிற்சி, இவைதான் கூட்டின. இதையெல்லாம் நீங்கள் திரும்ப அவருக்கு ஃபார்வர்டு செய்ய வேண்டாம். அப்பாவும் மகளும் ஃபார்வர்டில் சண்டை போட்டு யாரும் ஜெயித்து நான் பார்த்ததில்லை. அவர் நேரில் வரும்போது நான் சொல்கிறேன், அல்லது உங்கள் ஊர் டாக்டர் சொல்லட்டும்.

என்னென்ன ஊசி என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஃப்ளூ. வருடம் ஒன்று. கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் ஊசியும் வருடா வருடம் மாற்றித் தயாரிக்கப்படுகிறது, போன வருடத்து ஊசி இந்த வருடத்துக்கு ஆகாது. தமிழ்நாட்டில் ஃப்ளூ தலைதூக்குவது வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர் நவம்பரில். ஊசி பலன் தர இரண்டு வாரம் ஆகும். அதனால் செப்டம்பரில் போட்டுவிடுவது நல்லது. விலை 2,000 ரூபாயை ஒட்டி இருக்கும். கை வலிக்கும், ஒருநாள் உடம்பு கனகனவென்று இருக்கலாம். அதில் உயிருள்ள கிருமி இல்லை, ஆகவே ஊசியால் ஃப்ளூ வராது. இந்த ஊசி நூறு சதவீதக் காப்பு அல்ல. கிருமியும் ஊசியும் நன்றாகப் பொருந்துகிற வருடத்தில் நோயை நாற்பதிலிருந்து அறுபது சதவீதம்வரை குறைக்கும். அப்படியே வந்தாலும் ஐ.சி.யூ. வரை போகாமல் காப்பதில்தான் இதன் பெரிய பலன்.

அடுத்தது நிமோனியா ஊசி. இது வருடா வருடம் இல்லை. இதில் வகைகள் உண்டு. சில ஒரே டோஸில் முடியும், சிலவற்றுக்கு ஒரு வருடம் கழித்து இன்னொன்று வேண்டும். சுகர், இதயநோய், சிகரெட் பழக்கம் இருந்தால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஃப்ளூ ஊசியையும் இதையும் ஒரே நாளில், இரண்டு கையிலும் போட்டுக்கொள்ளலாம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் நர்ஸிடம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்; குத்திய இடத்தைச் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். டெட்டனஸ் ஊசியும் பத்து வருடத்துக்கு ஒருமுறை வேண்டும். கம்பெனியில் கடைசியாக எப்போது போட்டார்கள் என்று அவருக்கே ஞாபகம் இருக்கலாம்.

மூன்றாவது, அக்கிக்கான ஊசி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் வந்தார். விலாவில் எரிச்சல், மறுநாள் வரிசையாகக் கொப்புளம். வீட்டில் அக்கி என்று கண்டுபிடித்து, எங்கள் ஊர் வழக்கப்படி மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டுக்கு அழைத்துப் போய் அக்கி எழுதியிருக்கிறார்கள். காவி மண்ணைக் குழைத்து இறகால் தொட்டுக் கொப்புளங்களைச் சுற்றி எழுதுவார்கள். மூன்று நாள் எழுதினார்கள். எழுதுகிறவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த ஈர மண் அந்த எரிச்சலுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் சின்னம்மை வந்த காலத்திலிருந்து நரம்பின் வேரில் ஒளிந்திருந்த வைரஸ்தான் வயதானபின் அக்கியாக வருகிறது. முதல் மூன்று நாளுக்குள் மாத்திரை ஆரம்பித்தால்தான் அதைச் சரியாக அடக்கலாம். அவர் என்னிடம் வந்தது ஆறாவது நாள். கொப்புளம் இரண்டு வாரத்தில் காய்ந்தது. வலி போகவில்லை. அதற்குப் பிறகு எப்போது வந்தாலும், என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே, வலது கையின் இரண்டு விரலால் சட்டைத் துணியை விலாவில் படாமல் தூக்கிப் பிடித்தபடியே இருப்பார். காற்றாடிக் காற்று பட்டால் முகம் சுருங்கும். ஒன்றரை வருடம் அப்படி. அவர் முதன்முதலில் என்னிடம் வந்தது 60 வயதில், பி.பி.க்காக. ஆறு வருடம் மாதா மாதம் பார்த்தும் ஊசி என்ற சொல்லை அவரிடம் நான் எடுத்ததில்லை. அன்றைக்கு இந்தியாவில் இந்த அக்கி ஊசி விற்பனைக்கு வரவில்லை என்பது உண்மை. ஆனால் மற்ற ஊசிகளைப் பற்றியும் நான் கேட்டதில்லை. அவருக்குப் பிறகு, அறுபதைத் தாண்டிய யார் வந்தாலும் சீட்டின் மேல் மூலையில் தடுப்பூசி என்று எழுதி, போட்ட தேதிக்கு இடம் விடுகிறேன்.

2023இல் இந்த ஊசி இங்கே வந்தது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, இரண்டிலிருந்து ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸ். பெரிய சோதனைகளில் ஐம்பதைத் தாண்டியவர்களிடம் 97 சதவீதமும், எழுபதைத் தாண்டியவர்களிடம் 90 சதவீதத்தை ஒட்டியும் காப்புக் கொடுத்தது. விலை அதிகம், இரண்டு டோஸும் சேர்ந்து இருபதாயிரத்தைத் தொடும். ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் கை வலியும் மற்ற ஊசிகளைவிடக் கூடுதலாகவே இருக்கும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது டோஸுக்கு வர மாட்டார். கையில் பணம் நெருக்கடி என்றால் ஃப்ளூவும் நிமோனியாவும் இந்த வருடம், அக்கி அடுத்த வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொரோனா ஊசி மீண்டும் தேவையா என்பதை அவருடைய உடல்நிலையைப் பார்த்து டாக்டர் முடிவு செய்யட்டும்.

எப்படிச் சம்மதிக்க வைப்பது? நீங்கள் எழுதியதிலேயே எனக்கு மிகவும் பிடித்தது, பயந்த ஆட்களை அவர் கூட்டிக்கொண்டு போனார் என்ற வரி. தனக்காக ஊசி போட்டுக்கொண்ட மனிதர் அல்ல அவர். தன் செக்‌ஷனுக்காக முதலில் கையை நீட்டியவர். அவரிடம் போய் "உங்க நல்லதுக்குத்தானேப்பா, உங்க வயசுக்கு இது வேணும்" என்று ஆரம்பித்தால் அவர் எழுந்து போவதில் நியாயம் இருக்கிறது. அவருக்கு யாரும் புத்தி சொல்லத் தேவையில்லை. அவருக்கு ஒரு செக்‌ஷன் வேண்டும்.

உங்கள் மகனுக்கு ஃப்ளூ ஊசி போட்டீர்களா? ஐந்து வயதுவரை வருடா வருடம் போடச் சொல்லிக் குழந்தை மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். செப்டம்பரில் அவனை அழைத்துப் போகும் பொறுப்பை அப்பாவிடம் கொடுங்கள். டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்குவது, கார்டு எடுத்துப் போவது, அழும் பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்வது எல்லாம் அவர் வேலை. அங்கேயே, அதே நேரத்தில், தாத்தாவுக்கும் ஒன்று. பேரன் பார்க்கிறான் என்றால் அவர் கையை நீட்டாமல் இருக்க மாட்டார். பணத்தை நீங்கள் முன்கூட்டியே அங்கே கட்டிவிடுங்கள். அதைப் பற்றி வீட்டில் பேச வேண்டாம்.

அவருடைய கையைக் கவனித்திருக்கிறீர்களா? 1960களில் பிறந்தவர்களுக்கு அங்கே வட்டமாக ஒரு தழும்பு இருக்கும். அம்மை குத்திய தழும்பு. அந்தக் காலத்தில் அம்மை குத்துகிறவர்கள் தெருவுக்கு வந்தால் பிள்ளைகளை நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்த வீடுகள் உண்டு. உங்கள் பாட்டி ஒளிக்கவில்லை. 1975க்குப் பிறகு இந்த நாட்டில் பெரியம்மை இல்லை. ஒருநாள் சும்மா அந்தத் தழும்பைப் பற்றி அவரிடம் கேளுங்கள். ஊசிப் பேச்சே எடுக்க வேண்டாம். அவருக்கு அம்மாவைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும்.

பிறகு, அவரோடு ரிட்டயர் ஆனவர்கள் பத்துப் பதினைந்து பேராவது அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருப்பார்கள். காலை நடையில், டீக்கடையில் பார்ப்பார். அவர்களில் எத்தனை பேர் மாத்திரையை விட்டுவிட்டார்கள் என்று ஒருநாள் விசாரித்து வரச் சொல்லுங்கள். ஓய்வுபெற்றோர் சங்கம் இருந்தால், மழைக்கு முன் ஒரு ஊசி முகாம் வைக்க முடியுமா என்று பேசச் சொல்லுங்கள். மொத்தமாக இருபது பேர் என்றால் விலையும் குறைத்துக் கேட்கலாம். அந்த ரிஜிஸ்டரை அவரே எழுதட்டும்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதம் முழுக்க அப்பாதான். அம்மாவைப் பற்றி, பேரனைப் பார்த்துக்கொள்கிறார் என்ற இடத்தில் மட்டும்தான் வருகிறது. அவர் வயது என்ன, பி.பி. உண்டா, கடைசியாக எப்போது பரிசோதனை செய்தார் என்று எதுவும் இல்லை. அப்பாவுக்காவது 36 வருடம் பேரைக் கூப்பிட ஒரு ரிஜிஸ்டர் இருந்தது. அம்மாவின் பேரை எந்த ரிஜிஸ்டரும் கூப்பிட்டதில்லை. அப்பா ரிட்டயர் ஆனதிலிருந்து வீட்டில் மூன்று வேளையும் சமையல், கூடவே ஓடியாடும் ஒரு குழந்தை. அவருக்கு வேலை கூடியிருக்கிறது. மேலே சொன்ன ஊசிகளில் எவை அவருக்கும் தேவை என்று அவருடைய வயதையும் நோய்களையும் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே அந்த பி.பி. கருவி வந்ததும் முதல் ரீடிங்கை அம்மாவுக்கு எடுங்கள். அப்பாவே எடுக்கட்டும். ஐந்து நிமிடம் நாற்காலியில் சாய்ந்து உட்கார வைத்து, கையை மேசைமேல் வைத்து, பேசாமல் இருக்கச் சொல்லி எடுக்க வேண்டும். இரண்டு பேருடைய ஒரு வாரத்து எண்களையும், அம்மாவின் வயதையும் எனக்கு எழுதுங்கள்.